பத்தின் இடத்துச் சக்கரம்

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், வந்த புதிது. காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் சாப்பாட்டு மேசையை ஒரு கணக்கு மெஷின் பிடித்துக்கொண்டது. எண்களை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கூட்டிக் காட்டும் இரும்புப் பெட்டி அது. ரப்பர் வாங்கி விற்கும் ஒரு தவ்கேயின், சீன முதலாளியின், ஆபீசில் என் மனைவி அதை ஓட்டிவந்தாள். ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினால் பத்து வராமல் வெறும் பூஜ்யத்தைக் காட்ட ஆரம்பித்திருந்தது.

உதிரிச் சாமான் கேட்டதற்கு, அதைச் செய்த கம்பெனியே சண்டைக் காலத்தில் மூடிவிட்டது என்று சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. தவ்கே கெட்டவர் இல்லை. ஆனால் மணிச்சட்டத்தில் கணக்குப் போட அவரிடம் வேறு ஆள் இருந்தது. மெஷின் ஓடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து இவள் வரவேண்டாம். அந்த வேலை அவளுக்கு உயிர். சொல்லும்போது அவள் அழவில்லை.

நான் பட்டறையில் ஃபிட்டர். பல்சக்கரம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று வீறாப்பாக மூடியைக் கழற்றினேன். இடத்துக்கு ஒன்றாக வரிசையாகப் பித்தளைச் சக்கரங்கள், எல்லாம் அளவிலும் பல்லிலும் ஒன்றுபோல. பத்தின் இடத்துச் சக்கரம் மட்டும் பல் தேய்ந்து, ஒன்றின் இடத்திலிருந்து வரும் தட்டலை வாங்காமல் வழுக்கியது. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு பத்தரிடம் பொடி அரம் இரவல் வாங்கினேன். பித்தளைத் தகட்டில் பழைய சக்கரத்தை வைத்துக் கீறி, இம்மியும் பிசகாமல் அறுத்து ராவி மாட்டினேன். ஒன்பதோடு ஒன்று. பூஜ்யம்.

தேய்மானத்தையும் சேர்த்துக் காப்பியடித்திருக்கிறேன். புதுப் பித்தளையில் பளபளவென்று அதே வழுக்கல். கையில் இருப்பதையே அளந்துகொண்டிருந்தவன், அது முதலில் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. அரத்தைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.

அவள் மெஷினுக்குள் குனிந்து பார்த்தாள்.

"இடது ஓரத்துல இருக்கே, இத பாருங்க. அவ்ளோ பெரிய தொகை எங்க ஆபீஸ்ல வந்ததே இல்ல. பல்லு அப்படியே இருக்கு."

"அப்ப இதையே கழட்டி அங்க போட்டுடறேன். ரோசாக் ஆன தேஞ்ச சக்கரம் இங்க கிடக்கட்டும்."

"வேணாங்க."

"ஏன், இந்த இடத்துக்கு உங்க ஆபீஸ் கணக்கு எங்க வரப்போகுது?"

"வராதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டா எப்படி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருக்கிற வேலை போகப்போகிறது, இவளுக்கு வராத லட்சத்தைப் பற்றிக் கவலை. ஆனால் அதற்குள் அவள் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, வேறொரு தகட்டின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் முணுமுணுத்துக்கொண்டே கீற ஆரம்பித்தேன்.

ஞாயிறு சாயங்காலம் அசலை அதன் இடத்திலும் புதியதைப் பத்தின் இடத்திலும் மாட்டினேன். ஒன்பதும் ஒன்றும் போட்டுப் பார்த்தால் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. இடது ஓரத்தை விட்டு மற்ற எல்லா இடத்திலும் ஒன்பதை வைத்தாள். ஒன்றைச் சேர்த்துக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினாள். நான் ராவிய சக்கரம் தட்டலை வாங்கி அடுத்ததற்குக் கொடுத்தது. டக், டக்கென்று பூஜ்யங்கள் விழுந்துகொண்டே போய், அதுவரை அசையாத அந்த ஓரத்துச் சக்கரம் ஒன்றுக்குத் திரும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் அந்த எண்ணை அழிக்கவில்லை. துணி போட்டு மூடி, மறுநாள் காலை அப்படியே தவ்கேயின் மேசைக்குக் கொண்டுபோனாள்.