துரையின் பனிமலை

போன வாரம் ஈப்போவில் ஒரு பொம்மைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மின்சார ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. குட்டி ஸ்டேஷன், குட்டிப் பாலம், பஞ்சு ஒட்டிய பனிமலை. நின்று சிரித்தேன். "பேரனுக்கா அங்கிள்? உள்ள வந்து பாருங்க லா" என்றாள் கடைப் பெண். வேண்டாம் என்று மூக்கைப் பொத்தினேன். பாவம், குழம்பிப் போயிருப்பாள்.

எனக்கு வந்தது கட்டிப்பால் நாற்றம். ரப்பர் மரத்துக் கோப்பையில் உறைந்துபோன பால் அது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்கள் அதைச் சாக்கில் கட்டி நாலைந்து நாள் மறந்து பாருங்கள், அக்கம்பக்கம் வீட்டைக் காலி செய்துவிடும்.

என் இருபது வயதுகளில் காம்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் ஷீட் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வெளியில் தச்சன் என்று சொல்லிக்கொள்வேன். அண்ணன் பால்மரம் சீவினார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கடக்கும்போது சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், மழையானாலும் குடையை மடக்க வேண்டும். அது அந்தக் காலத்து வழக்கம். ஒரு மாலை அண்ணன் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இறங்கத் தோன்றவில்லை என்றார்.

மறுநாள் விடிகாலை பெரட்டில், அதாவது பேர் கூப்பிடும் திடலில், அத்தனை பேர் முன்னாலும் துரை அந்தச் சைக்கிள் மேல் மாட்டு வண்டியை ஏற்றச் சொன்னான். எங்கள் தமிழை நன்றாகவே பேசுவான். "இப்ப எறங்கிட்ட, இல்ல?" என்று அண்ணனிடம் கேட்டான். அன்றே லயத்து வீட்டை விட்டும் விரட்டினான். அண்ணன் சித்தியவான் ஊருக்குப் போய்விட்டார்.

இதையாவது பொறுத்திருப்பேன். அந்த வருடமே அம்மா செத்துப்போனாள். சேதி கேட்டு ஓடி வந்த அண்ணனைத் தோட்டத்து வாசலிலேயே காவல்காரன் நிறுத்திவிட்டான், துரை உத்தரவாம். மூத்த மகன் வேலிக்கு வெளியே நிற்க, நான் மண் தள்ளினேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் துரைக்குச் சீமையிலிருந்து சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வந்தது. ஈப்போ துரைமார் விருந்துக்கு வருவதற்குள் அவன் ஊரையே மேசைமேல் கட்ட வேண்டுமாம். நான்தான் தச்சனாயிற்றே, கூப்பிட்டார்கள். வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் பெட்டியில் ஸ்டேஷன், தீக்குச்சியில் வேலி, பீர்க்கங்காய் நாரில் பச்சை சாயம் தோய்த்து மரங்கள். பனிதான் உதைத்தது. நான் கண்ட பனியெல்லாம் மரத்தூளுக்குள் வரும் ஐஸ் கட்டி. படத்தைப் பார்த்து மூங்கில் சட்டம் கட்டி, சாக்குப் போர்த்தி, சுண்ணாம்பு பூசி, இலவம் பஞ்சு ஒட்டி, அடியில் ரயில் நுழைய ஒரு சுரங்கம் விட்டேன். மலை வெள்ளை வெளேரென்று நின்றது, சுரங்கத்துக்கு மேலே வெறும் பொந்து.

அந்தப் பொந்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரக் கட்டிப்பாலைக் கூடை கூடையாகத் திணித்துப் பலகை அடித்து மூடினேன். மலைக்குக் கனம் வேண்டும் என்று பட்லரிடம் சொன்னேன், நம்பிவிட்டார்.

விருந்தன்று ரயிலுக்குச் சாவி கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். முதலில் ஒரு துரைசானி கைக்குட்டையை எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகப் புல்வெளிக்கு நழுவினார்கள். துரை சோபாவுக்கு அடியில் குனிந்து குனிந்து முகர்ந்தான். நான் ரொம்பப் பணிவாக, "சொரங்கத்துக்குள்ள எலி செத்திருக்கும்போல, தொரை" என்றேன்.

கைத்தடியை எடுத்து அவனே மலையைப் பிளந்தான். ஸ்டேஷன் சரிந்தது, எஞ்சின் அவன் பூட்ஸுக்கடியில் நசுங்கியது, கட்டிப்பால் அவன் வெள்ளைக் கால்சட்டையில் கொட்டியது. ஜன்மத்தில் அப்படியொரு விருந்தை நான் சாப்பிட்டதில்லை. அவன் நிமிர்ந்து என்னைத் தேடியபோது நான் ரப்பர் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன்.

சித்தியவானில் அண்ணன் கேட்டுக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "அம்மாவ வச்ச எடத்த ஒருநா காட்டுடா" என்றார். அப்போதுதான் உறைத்தது. இனி அந்த வாசலுக்குள் நானும் போக முடியாது.

அதற்காக வருந்தினேன் என்று நினைக்காதீர்கள். மறுபடி அந்த மலையைக் கொடுத்தால் இன்னும் இரண்டு கூடை சேர்த்துத் திணிப்பேன்.

துரை போய், வெள்ளைக்காரனே போய், தோட்டம் கைமாறிய பிறகு நாங்கள் இருவரும் போனோம், நரைத்த தலையோடு. லயம் இல்லை, பங்களா இல்லை. ரப்பரை அழித்து எண்ணெய்ப்பனை நட்டிருந்தார்கள். இடுகாட்டையும் சேர்த்து உழுதிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"எந்தப் பக்கம் பாத்துக் கும்புடணும், தம்பி?"

ஒரு திசையில் கையைக் காட்டினேன். அவர் விழுந்து கும்பிட்டார். அது சரியான இடமா என்று எனக்குத் தெரியாது.