முதல் சேர்விஸ் செய்யாத எஞ்சின்

புது எஞ்சினுக்கு முதல் சேர்விஸ் எப்போது செய்ய வேண்டும் என்று இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால் விளக்குமாற்றைத்தான் தூக்குவேன். அந்த ஒரு கதையாலேயே என் வீட்டில் ஐந்து வருடம் சண்டை நடந்தது.

தொண்ணூறாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு இவர் அந்த எஞ்சினை வாங்கினார். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு ஊர் மயிலிட்டி. கடற்கரையில் எங்கள் போட் நின்றது, அதுவரை வாடகை எஞ்சினோடுதான் தொழில். சொந்த எஞ்சின் வந்த அன்று இவர் அதை மாதா படத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரி கொளுத்தினார். மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் நெருப்பு! நான் ஓடிப்போய் ஊதி அணைத்தேன்.

விற்ற மெக்கானிக் அண்ணை யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர். வாங்கும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"இருபது மணித்தியாலம் ஓடினோடனை என்னட்டைக் கொண்டாங்கோ. முதல் சேர்விஸ் விடக்கூடாது. புதுப் பல்லுச்சக்கரம் ஒண்டோடை ஒண்டு உரஞ்சி இரும்புத்தூள் கொட்டும். பழைய கியர் ஒயிலை வடிச்சுப்போட்டுப் புதுசு விடவேணும். அந்தத் தூளோடை ஓடினால் உள்ளுக்கை எல்லாம் அரிச்சுப்போடும்" என்றார்.

இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பாதி வேகத்துக்கு மேல் முறுக்கமாட்டார். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவார், துடைப்பார், இடுப்பில் கட்டுகிற தன் சாரத்தை விரித்துப் போர்த்துவார்.

"என்னைக் கட்டின புதிசிலைகூட இப்பிடித் தாங்கேல்லை" என்று ஒருநாள் சொன்னேன்.

"நீ என்ன, ஒரு சேர்விசோடை அடங்கிற எஞ்சினே?" என்றார். கடற்கரை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

இருபது மணித்தியாலத்தில் பாதிகூட ஓடியிருக்காது. ஆனி மாதம் ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. ஷெல் எங்கள் பக்கமே வந்து விழுந்தது. ஊர் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டது. நான் மகளையும் அரிசிப் பானையையும் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து பார்க்கிறேன், இவர் சைக்கிள் கரியரில் எஞ்சினை வைத்து வலைக்கயிற்றால் வரிந்துகொண்டு நிற்கிறார். என் தையல் மிசின் உள்ளே கிடக்கிறது.

"என்ரை மிசின்?" என்றேன்.

"ரெண்டு கிழமையிலை திரும்பி வந்திடுவம், அதை ஆர் தூக்கப்போறான்?"

"அப்ப உந்த எஞ்சினை மட்டும் ஏன் தூக்கிறியள்?"

இவர் சைக்கிளை உருட்டத் தொடங்கிவிட்டார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

உரும்பிராயில் ஒரு தோட்டக்காரர் தன் வெங்காயக் கொட்டிலை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். நாங்கள் அவரை ஐயா என்றோம். நல்ல மனுசன்தான். ஆனால் கிணற்றில் எங்களை அள்ள விடமாட்டார். நாங்கள் கடற்கரைச் சனம். தானே அள்ளி எங்கள் குடத்தில் ஊற்றுவார், குடத்தைத் தொடாமல். ஒவ்வொரு நாளும் நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மகள் முகம் கழுவக்கூட அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் கொட்டிலில்தான் எஞ்சினும் எங்களோடு படுத்தது. சும்மா கிடந்தால் இறுகிப்போகும் என்று இவர் தார் வந்த பெரிய தகரப் பீப்பாய் ஒன்றை, ஒரு பரலை, தேடிப்பிடித்தார். பரலில் தண்ணீர் நிரப்பி, விளிம்பில் பலகை அடித்து, அதில் எஞ்சினைப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் ஓட விடுவார். சுற்றிவர வாழைத்தோட்டம், செம்பாட்டு மண். நடுவிலே கடல் எஞ்சின் நின்று கத்தும். ஊர்ச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கும். எங்களுக்குக் குடம் குடமாய் அளந்து ஊற்றுகிற ஐயா, பரலுக்கு மட்டும் சந்தோசமாக வாளி வாளியாய் அள்ளிக் கொட்டினார். எஞ்சின் சத்தம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது பெற்றோலும் மண்ணெண்ணெயும் வரத் தடை. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் நனைகிற அளவு மண்ணெண்ணெய் விட்டு ஏற்றுகிற விளக்கில்தான் மகள் படித்தாள். இவர் அந்த மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துத்தான் எஞ்சினுக்கு ஊற்றுவார்.

"பிள்ளை இருட்டுக்கை கிடந்து கண்ணைப் பழுதாக்குது. உங்கடை எஞ்சினுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை கேக்குதோ?" என்று கத்துவேன்.

"சும்மா இரப்பா. ஊருக்குப் போனால் இதுதான் சோறு போடும்."

"இப்ப ஆர் சோறு போடுறது?"

நான்தான். ஐயாவின் தோட்டத்தில் வெங்காயம் நட, புல்லுப் பிடுங்க நான் போனேன். இவர் எப்போதாவது குருநகர்ப் பக்கம் ஆள் தேவையென்றால் கூலிக்குத் தோணியில் போவார். கடலில் ஷெல் அடித்தால் அதுவும் இல்லை.

மெக்கானிக் அண்ணையும் கடையை இழந்து, கோப்பாய்ச் சந்தியில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த வழியால் வந்தவர் எஞ்சினைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"முதல் சேர்விஸ் செய்தாச்சே?"

"இல்லை. இருபது மணித்தியாலம் இன்னும் ஓடேல்லை" என்றார் இவர்.

"ஐயோ, மணித்தியாலம் மட்டும் இல்லை. ஓடாட்டிலும் மாதக்கணக்கிலை வைச்சிருக்கேலாது. உள்ளுக்கை தண்ணி வந்திருக்கும், ஒயில் பழுதாப்போம். கழட்டுங்கோ, இண்டைக்கே மாத்துவம். எப்பிடியாவது ஒயில் தேடித் தாறன்."

நானும் சொன்னேன். மகளும் சொன்னாள். இவர் அசையவில்லை. "பரலிலை ஓடினது கணக்கில்லை. கடலிலை மிச்சத்தை ஓடி முடிச்சுத்தான் முதல் சேர்விஸ். மயிலிட்டியிலை வைச்சுச் செய்வம்" என்றார். மெக்கானிக் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் பிடிவாதத்தோடு எப்படி வாழ்வது? பரலில் ஓடும்போதெல்லாம் எஞ்சின் நல்ல சத்தத்தோடு ஓடியதுதான் எங்களை ஏமாற்றியது. தண்ணீர் வெளியே அடிக்கும் என்று பரலில் ஒருநாளும் கியர் போட்டதில்லை. தண்ணீரைத் தள்ளுகிற விசிறி சுற்றாமல் எஞ்சின் மட்டும் கத்தும்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டையை நிறுத்தினார்கள். பகலில் கடலுக்குப் போகலாம் என்று விட்டார்கள். மயிலிட்டிக்கு இல்லை, அங்கே ஆமி. அரியாலைக் கரையில் ஒருவர், போட் தன்னிடம் இருக்கிறது, எஞ்சின் இருந்தால் பங்குக்குத் தொழில் செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார். இவர் அன்று சோறே தின்னவில்லை. எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும், மாதாவே, இந்தத் தோட்டத்துக் குனிவு நிமிர்வு இனி முடியட்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

விடிய, சைக்கிளில் எஞ்சினை வைத்து மூன்றுபேருமாக அரியாலைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணையும் வந்திருந்தார். போட்டைத் தண்ணீருக்குள் தள்ளி எஞ்சினைப் பூட்டினார்கள். கயிற்றை ஒரே இழுவை. பிடித்துக்கொண்டது! கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மகள் துள்ளினாள். இவர் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்த முகத்தை நான் ஐந்து வருடமாகக் காணவில்லை.

பிறகு கியரைப் போட்டார்.

உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். கொஞ்சத் தூரம் போட் அசைந்தது, நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. நன்றாக ஓடியது. முறுக்க முறுக்கப் பெரிதாகக் கத்தியது. போட் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. விசிறி சுற்றவில்லை.

கரைக்குக் கொண்டுவந்து, மெக்கானிக் அண்ணை கீழே இருந்த சின்ன ஆணியைக் கழற்றினார். ஒயில் வரவில்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்தது, அதோடு இரும்புத் துணுக்குகள். அவர் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "பல்லுச்சக்கரம் முழுக்கப் போச்சு. முந்தியே அரிச்சுக் கிடந்திருக்கு, பாரம் வந்தோடனை முறிஞ்சிட்டுது. சாமான் இப்ப ஒரு இடமும் எடுக்கேலாது" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் கத்தினேன். "சொன்னவர்தானே! அண்ணை அண்டைக்குச் சொன்னவர்தானே! ஒரு போத்தல் ஒயில்! பிள்ளையின்ரை விளக்கை அணைச்சு, எங்களைச் சாகடிச்சு, கடைசியிலை இதுக்கோ?"

இவர் மணலில் குந்தியிருந்தார். நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பழுதாப்போம் எண்டு தெரியும். அவர் சொன்ன நேரமே விளங்கினது. ஆனா உரும்பிராயிலை வைச்சு அதைச் செய்தால், இனி அங்கைதான் எண்டு நானே ஒத்துக்கொண்டமாதிரி எல்லே. என்னாலை ஏலாமல் போச்சு."

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். ஆனால் எனக்கும் அதே பயம்தான் என்று அந்த மணலில் நின்றுதான் உணர்ந்தேன். கொட்டிலுக்கு ஒரு கதவு போட்டுத் தரட்டோ என்று ஐயா கேட்டபோதெல்லாம், வேண்டாம், கொஞ்ச நாளிலை போயிடுவம் என்று சொன்னவள் நான்.

எஞ்சினை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வெறும் சைக்கிளை இவர் உருட்டினார், ஏறி ஓடவில்லை. கோப்பாய் தாண்டி, வாழைத்தோட்டங்கள் தெரியத் தொடங்கியபோது இவர் நின்றார்.

"இஞ்சேர், ஐயாவைக் கேள். நாளையிலையிருந்து தோட்டத்துக்கு ஆம்பிளை ஆள் தேவையோ எண்டு."

"ஓம், கேக்கிறன்" என்றேன்.

மயிலிட்டியை விட்டு ஓடிவந்த அன்றுகூட நான் அழவில்லை. அன்று, மகளுக்கு முன்னால், நடுத்தெருவில் நின்று அழுதேன்.