காய்ச்சல் இல்லை

மிச்சம் என்ற இங்கிலீசுக்கார ஊரில், ட்ராம் ஸ்டாப்பருகே ஒரு சின்ன மேசை. அதன் பின்னால் நிற்பவர் இந்தப் பகுதியில் வென்ற முதல் கறுப்பினப் பெண் கவுன்சிலர். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்தான் முடிவு செய்யவேண்டும் என்று கையெழுத்துச் சேர்க்கிறார். ஒருவன் அவரைத் திட்டிக்கொண்டு போகிறான். அவர் அசையவில்லை.

நான் மன்னாரிலிருந்து வந்து ஒன்பது நாள். செத்துப்போன அக்காவின் முப்பத்தோராம் நாள் தேவாலயப் பூசைக்கு அவள் படத்தோடு அடித்த நினைவு அட்டையை அந்த மேசையில் வைக்கிறேன். கூட வந்த சித்தி என் கையைப் பிடிக்கிறார்.

"உனக்கென்ன விசரே? கோயில் சனம் காணும்."

படத்தைக் காட்டி, இவருக்கு என்ன நடந்தது என்று கவுன்சிலர் கேட்கிறார். "ஃபீவர்" என்கிறார் சித்தி. ஊரிலும் காய்ச்சல் என்றுதான் சொன்னோம்.

"பொய் சொல்லாதேங்கோ சித்தி. கருவைக் கலைக்க அங்க சட்டம் விடேல்லை. களவாச் செய்யப்போய் ரத்தம் போய்ச் செத்தவ. அதைச் சொல்லுங்கோ."

"என்ர வாயால ஏலாதடி."

"அப்ப நான் சொல்றன்."

எனக்கு இங்கிலீசு பேச வராது. அக்காவின் படத்தைத் தொட்டு, "நோ ஃபீவர்" என்கிறேன். அக்காவுக்காக என் வயிற்றில் கை வைத்து, "நோ டொக்டர்" என்கிறேன்.

கவுன்சிலர் என் கையைப் பிடிக்கிறார். நான் அட்டையை ரோட்டைப் பார்க்க நிமிர்த்தி வைக்கிறேன். ட்ராம் வருகிறது. சித்தி ஏறுகிறார். நான் ஏறவில்லை.