மாட்டைப் பாத்து!

கார் ஓட்டப் பழக்குறது சும்மா இருந்துகொண்டு செய்யிற சொகுசு வேலை எண்டு ஊருக்குள்ள ஒரு பேச்சு. இடப்பக்கச் சீட்டில இருந்து, காலுக்குக் கீழ ஒரு பிரேக்கை மட்டும் நம்பி உயிர்வாழுற லேணர்ஸ் மாஸ்டர்மாரே, என்ர வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் விளங்கும்.

மாடு

ஆரையம்பதி ஜெயராணி ரீச்சருக்கு மாங்கேணிக்கு மாற்றம் வந்திட்டு. லைசன்ஸ் கிடைச்சா தினமும் பின்னேரம் வீட்டுக்கு வரலாம். இல்லாட்டி அங்கேயே அறை எடுத்துத் தங்கணும், மூண்டு வயசு மகளை வெள்ளிக்கிழமைதான் பாக்கலாம். லைசன்ஸுக்கு ஓடிக் காட்டுற ட்ரயலில ஏற்கெனவே ரெண்டுதரம் கோட்டை விட்டிட்டா. அதுக்கு மறுகாதான் என்னட்ட வந்தா.

முதல் நாளே நடு ரோட்டில ஒரு மாடு படுத்திருந்துது. "மாட்டைப் பாத்து, ரீச்சர்! மாட்டைப் பாத்து!" எண்டு கத்தினன். கத்தக் கத்தக் கார் நேரா மாட்டுக்குத்தான் போகுது. நான் பிரேக்கை மிதிச்சன். மாடு எழும்பவேயில்ல. ரீச்சர் கோவமாத் திரும்பினா: "நீங்க சொன்னபடி மாட்டைத்தானே மாஸ்டர் பாத்துக்கொண்டு வந்தன்!"

பஸ்

கல்லடியில காரை ஓரமா நிப்பாட்டியிருந்தம். பக்கத்துல ஒட்டி நிண்ட பஸ் மெல்ல முன்னுக்கு நகர்ந்துது. "ஐயோ, பின்னுக்குப் போறம்!" எண்டு ரீச்சர் பிரேக்கை மிதிச்சா. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நானும் மிதிச்சன். கண்ணுக்கு முன்னால பெரிசா ஒண்டு நகர்ந்தா, நாமதான் நகருறம் எண்டு மூளை உடனே தீர்ப்புச் சொல்லிடும், சாட்சி விசாரிக்காது. பஸ் போன பிறகு பாத்தா, எங்கட எஞ்சினே ஓடல்ல. ரீச்சர் கேட்டா: "இவ்வளவு கஷ்டப்பட்டு எதை மாஸ்டர் நிப்பாட்டின நாம?"

ஆடு

அதுக்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்துது. பிழை என்ர வாயில. கவனம் எண்டு சொல்லவேண்டிய இடத்துல 'பாத்து' எண்டா, கண் அங்க போய் ஒட்டிக்கொள்ளும். கார் ஓடக்கொள்ள மதில், மரம், ஆக்கள் எல்லாம் ரெண்டு பக்கமும் விரிஞ்சு பின்னுக்கு ஓடும். தூரத்துல ஒரு இடம் மட்டும் அசையாது. அதுதான் நாம போற இடம். "மாட்டை விடுங்க, போகவேண்டிய வெளியைப் பாருங்க" எண்டு ஒரு கிழமை அதையே ஓதினன்.

மூண்டாவது ட்ரயல். ஒரு ஆடு குறுக்க பாஞ்சுது. ரீச்சருக்குப் பக்கத்துச் சீட்டில இருந்த சோதனை அதிகாரி "ஆட்டைப் பாத்து! ஆட்டைப் பாத்து!" எண்டு கத்தினது மதிலடியில நிண்ட எனக்கே கேட்டுது. துலைஞ்சம் எண்டு கண்ணை மூடிட்டன். திறந்தா, கார் ஆட்டை விலத்தி வந்து ஒழுங்கா நிக்குது. அவர் பாஸ் எண்டு எழுதிப்போட்டு, "அவ்வளவு கத்தியும் நீங்க ஆட்டைப் பாக்கவேயில்லையே ரீச்சர்?" எண்டார். ரீச்சர் அழுதுகொண்டே சிரிச்சா: "பாத்திருந்தா அது செத்திருக்கும் சேர், நானும் மகளை வெள்ளிக்கிழமைதான் பாத்திருப்பன்."

கண் போற இடத்துக்குக் கை போகும், கை போற இடத்துக்குக் கார் போகும், பழி மட்டும் ஒரு வளைவும் இல்லாம மாஸ்டரிட்ட வந்து சேரும்.