மாரியப்பனின் பதிவேடும் என் கையெழுத்தும்

போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து தத்தா கூப்பிட்டார். வங்காளி, எங்கள் பேச்சு பாதி இந்தியில்தான் ஓடும்; அண்ணன் என்பதற்கு அவர் தாதா என்பார். "சுந்தரம் தாதா, கராத்தேவாலா சல் பசா," என்றார். கராத்தேக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தக் கராத்தேக்காரர் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே ஒருவர்தான். "அப்போ இன்னைக்கு சைன் வேலை இல்லையா?" என்று கேட்டேன். ஒரு மனிதர் இறந்த செய்திக்கு என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இது. மாற்றி எழுதலாம்தான். ஆனால் நடந்ததை மாற்றி எழுதுவது மாரியப்பனுக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடி இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மாலை, மைக், ரோஜாப்பூ வைத்த படம், எல்லாம் முறைப்படி. ஒருவர் 'தீவுகளின் வீரத்திருமகன்' என்றார். இன்னொருவர் 'இளைஞர்களுக்கு வழிகாட்டி' என்றார். மாரியப்பனிடம் கராத்தே கற்றுக்கொள்ள ஓர் ஈ காக்கை போனதில்லை. பேசிய நால்வரில் மூவர், அவர் எதிரே வந்தால் சாலையின் மறுபக்கம் போய் நடந்தவர்கள். நாலாவது ஆள் நான். என் பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்தக் கைதட்டலை நம்பி, நினைவு மலருக்குக் கட்டுரையும் நீங்களே எழுதுங்கள் என்றுவிட்டார்கள். எழுதுகிறேன். படித்த பிறகு அச்சிடுவதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியப்பன் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். இந்தத் தீவில், சாத்தம் படகுத்துறைக்கு அருகிலுள்ள எங்கள் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில். இங்கே காலை ஐந்து மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கும். அந்நேரத்துக்கு வெள்ளை உடுப்பும் இடுப்பில் பழுப்புப் பட்டையுமாக மொட்டை மாடியில் நின்று அவர் 'ஹா' என்று கத்துவார். பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லும். தொப்பை பட்டைக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கும். கறுப்புப் பட்டைக்கு மூன்று முறை தேர்வுக்குப் போனார். மெயின்லேண்டிலிருந்து கப்பல் ஏறி வந்த தேர்வாளர்கள் மூன்று முறையும் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள். துவைத்துத் துவைத்து அந்தப் பழுப்பு வெளுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மஞ்சள் அதைவிடக் கீழ்ப்படி என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்த சிரிப்பு அடுத்த அறைவரை கேட்டது.

இதோடு நின்றிருந்தால் அவர் பாட்டுக்கு அவர், நம் பாட்டுக்கு நாம். ஆனால் அவரிடம் ஒரு பதிவேடு இருந்தது. பச்சை அட்டை போட்ட நீளமான ரிஜிஸ்டர். தேதி, நேரம், குத்து, உதை, தண்டால், கட்டா என்கிற அடவு வரிசை, எடை, நாடி, குறிப்பு என்று தானே கோடு போட்டுக்கொள்வார். கடைசியில் 'சாட்சி' என்று ஒரு கட்டம்.

நான் அந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் நாளே அதை என் மேசையில் விரித்தார்.

"சார், ஒரு சைன் போட்டுருங்க."

"என்னய்யா இது?"

"காலைல செஞ்ச பயிற்சி சார். சாட்சி இல்லேன்னா அது கணக்கு இல்ல, கதை."

"நீங்க செஞ்சத நான் பாக்கவே இல்லையே?"

"நான் எழுதுனத நீங்க பாத்தா போதும் சார்."

நாற்பது வயதைத் தொடும் அரசு ஊழியர், பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுப்பாடம் காட்டுவதுபோல நிற்கிறார். தொல்லை விட்டால் போதுமென்று 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் ஒன்பதரைக்கு மறுபடி வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பதினேழு வருடம் வந்தார்.

இடையில் அவரைக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றினார்கள். தலைவலி கப்பலேறியது என்று தத்தாவுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது வாரமே கப்பலில் ஓர் உறை வந்தது. உள்ளே பதிவேட்டின் தாள்களும் ஒரு துண்டுச் சீட்டும். 'சாருக்கு வணக்கம். சாட்சியை நடுவில் மாற்றினால் தொடர்ச்சி விட்டுப்போகும். ஆராமாகப் போட்டு அனுப்பவும்.' ஆராமாக, நிதானமாக எல்லாம் இல்லை. ஒரு டீ ஆறுவதற்குள் இருபது வரிக்கும் போட்டுவிட்டேன். இரண்டு வருடம் கப்பல் உறையைக் கொண்டுவந்தது, கொண்டுபோனது. மழைக்காலத்தில் கப்பல் தாமதமானால் வரிகள் சேர்ந்துவிடும். அப்போது தத்தா பக்கத்தைத் திருப்பித் தருவார், நான் கையெழுத்திடுவேன். ஒரு வரியைக்கூட நாங்கள் படித்ததில்லை. அலுவலகக் கோப்புகளையே அப்படித்தான் தள்ளிவிடுவோம். இவருடைய தண்டாலுக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காரப் போகிறோம்?

அவர் திரும்பி வந்த பிறகு என் இதயம் ஒரு ஆட்டம் காட்டியது. முதலில் நெஞ்சு வலிக்கவில்லை. இடது தோளில் பாரம், படி ஏறினால் வியர்வை, கீழ்த்தாடையில் ஒரு இழுப்பு. பத்து நாள் தைலம் தடவிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி சண்டை போட்டு இழுத்துக்கொண்டு போனதால் சென்னை மருத்துவமனைவரை போய்ப் பிழைத்தேன். திரும்பி வந்ததும் வருகிறவர், போகிறவர், சாத்தம் துறையில் படகுக்குக் காத்திருப்பவர் எல்லாரிடமும் அந்தக் கதையைச் சொன்னேன். தோள், வியர்வை, தாடை என்று நான் ஆரம்பித்தாலே ஆட்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மாரியப்பன் ஒருவர்தான் முழுதாகக் கேட்டார். அதுவும் எப்படி? பார்க்க வந்த இடத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"மொதல்ல எந்தத் தோளு சார்? எத்தன நாளு? உக்காந்தா கொறஞ்சுச்சா?"

நோயாளியைப் பார்க்க வந்தவரா, பிரேதப் பரிசோதனைக்கு வந்தவரா என்று என் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவர் போகும்போது அந்தப் பக்கத்திலும் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் போனார்.

சென்ற மாதத்தில் ஒரு காலை. கையெழுத்து வாங்கிய பின்னும் அவர் நகரவில்லை. பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சார், படிச்சீங்களா?"

"படிக்காமயா போட்டேன்? அதெல்லாம் பாத்தாச்சு."

"அப்ப ஒண்ணும் இல்லேல்ல சார்?"

"ஒண்ணும் இல்ல, போங்க. ஜல்தி போங்க, வேலை கெடக்கு."

"அப்ப சரி சார்," என்றார். முகம் தெளிந்து போனது. ஒரு கையெழுத்துக்கு இந்த மனிதருக்கு இவ்வளவு மகிழ்ச்சியா என்று தத்தாவிடம் உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன்.

அவர் இறந்தது, சொன்னேனே, செவ்வாய்க்கிழமை. மாடியிலிருந்து இறங்கி வந்து பதிவேட்டில் எழுதியிருக்கிறார். எழுதி முடித்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேனா மூடி திறந்தே கிடந்ததாம்.

இரங்கல் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி செல்வி என்னிடம் வந்தார். கையில் அந்தப் பச்சை ரிஜிஸ்டர். வீரத்திருமகன் என்று பேசியவர்கள் வெளியே சமோசா தின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நல்லாப் பேசுனீங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். தோளு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நாலு தடவ கூப்புட்டேன். 'சார்கிட்ட எழுதிக் காட்டியாச்சு. அவரு அனுபவப்பட்டவரு, பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு'ன்னாரு. நெசமாவே பாத்தீங்களாண்ணே?"

பதிவேட்டை வாங்கித் திறந்தேன். பதினேழு வருடத்தில் முதல் முறையாகப் படித்தேன்.

'குத்து நூறு. வழக்கம் இருநூறு. இடது தோளில் பாரம்.' கீழே 'பார்த்தேன்', என் கையெழுத்து.

'உதை இல்லை. மாடிப்படி ஏறும்போதே வியர்வை. சாருக்கு வந்தது போலவே இருக்கிறது. அவர் பார்த்தால் தெரிந்துவிடும்.' பார்த்தேன், என் கையெழுத்து.

'தாடையில் இழுப்பு. வாயால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார். இருந்தாலும் இன்று கேட்டுவிட வேண்டும்.' பார்த்தேன், என் கையெழுத்து.

அடுத்த நாள்: 'சார் ஒன்றுமில்லை என்றார். நிம்மதி. குத்து நூற்றைம்பது.' அதற்குக் கீழும் 'பார்த்தேன்', என் கையெழுத்து.

முன்பக்கங்களைப் புரட்டினேன். நான் பீற்றல் என்று நினைத்தது பீற்றலே இல்லை. 'இன்று சோம்பல், பூஜ்யம்' என்று எத்தனை நாள்! 'கட்டாவில் தேர்வாளர் சொன்ன தவறு உண்மைதான்' என்று ஒரு நாள். 'சாட்சி இன்று சிரித்தார்' என்று ஒரு நாள். தன்னைப் பற்றி ஒரு பொய்கூட எழுதாத மனிதர் இந்த ஊரில் இருந்திருக்கிறார். அந்தப் பதிவேட்டில் பொய் எழுதியது ஒருவன்தான். தினமும், ஒரே கட்டத்தில், ஒரே வார்த்தையாக எழுதியிருக்கிறான்.

"நான் படிக்கலம்மா," என்றேன். "ஒரு நாள்கூடப் படிச்சதில்ல."

செல்வி அழவில்லை, ஏசவில்லை. என் பேச்சுக்குத் தட்டிய கைகள் அத்தனையும் என் கன்னத்தில் விழுந்திருந்தால் தேவலை. "பதினேழு வருசமாவாண்ணே?" என்று மட்டும் கேட்டார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "செத்த அன்னைக்கு எழுதுனது. இது ஒண்ணுதான் சைன் இல்லாம கெடக்கு. விட்டுப்போச்சேன்னு கொண்டாந்தேன்." சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'ஐந்து மணி. குத்து பத்து. நிறுத்தினேன். கை தூக்க முடியவில்லை. ஒன்பதரைக்கு சாரிடம் காட்ட வேண்டும்.'

அவரைப் பற்றி நான் இளக்காரமாகச் சொன்னதெல்லாம் மேலே இருக்கிறது. தொப்பை, வெளுத்த பட்டை, 'ஹா'. எதையும் அடிக்கவில்லை. எவனுடைய எழுத்து இது என்று படிப்பவர்களுக்குத் தெரியட்டும்.

பேனாவைச் செல்வியிடமே திருப்பிக் கொடுத்தேன். பதிவேட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் மேசையில், எப்போதும் நீங்கள் விரிக்கும் இடத்தில்தான் இருக்கிறது, மாரியப்பன். மணி ஒன்பதரை. கடைசி வரியைப் பார்த்தேன். கையெழுத்திடவில்லை. போய் வாருங்கள்.