பூட்டுக்கடையின் இரண்டாவது வாசல்

என் அக்காவின் கணவர் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். பூட்டு விற்பார். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அரம் பிடித்து மாற்றுச் சாவி செய்து கொடுப்பார், கூடவே இலவசமாக நாலு திட்டும் கொடுப்பார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற இந்த மனிதரால் தன் கடையைப் பகலில் ஒரு நிமிஷம்கூட மூடிவைக்க முடிந்ததில்லை. அதற்குக் காரணம் அந்தக் கட்டடம்.

நான் கொத்தனார். எத்தனையோ கட்டடங்களில் கைவைத்தவன் என்பதால் சொல்கிறேன்: நூறு வருஷத்துக்கு முன்னால் அதைக் கட்டியவன் கெட்டிக்காரன், கொஞ்சம் திமிர் பிடித்தவனும்கூட. இரண்டு தெருக்கள் சேருகிற முக்கில், நடப்பவர்களுக்கு ஒரு சாண் இடம் விடாமல் ரோட்டோரம் வரை சுவரை எழுப்பிவிட்டான். செய்த தப்புக்கு ஈடு கட்டுகிற மாதிரி, இரண்டு தெருவுக்கும் ஒவ்வொரு வளைவு வைத்து வாசலும் திறந்தான். இரண்டடிக் கனத்தில் சுண்ணாம்புச் சுவர், மாடியைத் தாங்க ஆள் பருமனுக்கு உத்திரங்கள். வெளியே லாரிகள் உரசிக்கொண்டு திரும்பும். உள்ளே வெயிலும் கிடையாது, மழையும் கிடையாது. அதனால் ஊர் ஜனம் ஒரு வாசலில் நுழைந்து, பன்னிரண்டு தப்படி நடந்து, மறு வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கிப் போகும். அதில் பூட்டு வாங்குகிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

"பூட்டு வாங்கவா வந்தீங்க? இல்லைல்ல? அப்ப காலைத் தூக்கி வச்சு நடங்க, நிலைப்படி தேயுது" என்பார் அத்தான். ஆனால் அந்தப் படியில் யாரும் இடறிவிடக் கூடாதென்று பகலிலும் விளக்கு எரியும். மழை நாளில் சாக்கு விரித்து வைப்பதும் அவர்தான்.

அந்தக் கட்டடத்தில் எனக்கு அடியோடு பிடிக்காதது மாடிப்படி. மேலே சரக்கு ஏற்றுவதற்காக வைத்த படி அது. பாதிப் பாதம்தான் ஊன்ற முடியும். இவர்கள் குடியிருப்பதோ மாடியில். இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா அதில் உருண்டு விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடியது, நடை திரும்பவில்லை. அன்றிலிருந்து மாடியே கதி. கட்டிலில் இருந்து பார்த்தால் கூரையும் பின்வீட்டுச் சுவரும் தெரியும். "கீழ போகணுங்க" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

அது அத்தானை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாப்ள, பக்கத்துத் தெரு வாசலை அடைச்சுடு. அந்த மூலையில உங்கக்காவுக்கு ஒரு ரூம் போட்டுடலாம்."

"அத்தான், ஊரு சும்மா இருக்காது."

"ஊரா வந்து அவளுக்குத் தண்ணி மொண்டு குடுக்குது? நீ செங்கல்லை எடு."

ஊர் சும்மா இருக்கவில்லை. தபால்காரர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இந்த வளைவுதான் ஊருக்கே அடையாளம்" என்று வந்து நின்றார் பள்ளிக்கூடத்து டீச்சர். "அப்ப அடையாளத்தை உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றார் அத்தான். எனக்கும் மனசில்லைதான். அத்தனை அழகான வளைவுக்குள் செங்கல் அடுக்கும்போது கை கூசியது. ஆனால் கூடப்பிறந்தவள் சமாச்சாரம். நான்கே நாளில் சுவர் எழும்பியது. கடைப் பக்கம் ஒரு மரத்தடுப்பு வைத்ததும் அறை தயார்.

அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து நானும் அத்தானும் தூக்கி இறக்கினோம். படிக்குப் படி "பாத்துடா, பாத்துடா" என்று என் உயிரை எடுத்தார். அக்கா விடிந்ததிலிருந்தே தயார். தலை வாரி, பவுடர் பூசி, கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள்.

கீழே கட்டிலில் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தாள். பிறகு தடுப்பைப் பார்த்தாள்.

"வாசல் எங்கங்க?"

"அடைச்சாச்சு. இனிமே ஒருத்தன் உன் தலைமாட்டுல நடக்க மாட்டான். நிம்மதியாத் தூங்கு." அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அக்கா கையை நீட்டிச் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"தூங்கறதுக்கு மாடி போதாதா? நாலு மனுஷங்க முகத்தைப் பாக்கணும்னுதானே ரெண்டு வருஷமா கீழ போகணும், கீழ போகணும்னு அடிச்சுக்கிட்டேன்."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. சுவரின் நீளம், உயரம், கனம் எல்லாம் அளந்தவன் நான். எதற்காகக் கீழே வரணும் என்கிறாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அத்தான் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். "உன்னைக் கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. "இடிச்சுடலாம்."

"இடிச்சா கட்டிலை எங்க போடுவீங்க? மறுபடியும் மாடிதானே?" என்றாள் அக்கா.

அவள் சொன்னது நிஜம். அறை இருந்தால் வழி இல்லை, வழி இருந்தால் அறை இல்லை. அவ்வளவுதான் இடம்.

அத்தான் சுவரையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டில் இங்கயே கெடக்கட்டும், நட்டநடு வழியில. போறவங்க உன்னைச் சுத்திக்கிட்டுப் போகட்டும். முட்டியில இடிச்சுக்கிட்டா, உன் பக்கத்துல உக்காந்து தேச்சுக்கிட்டுப் போகட்டும்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் கடப்பாரை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன்.