அறுநூறு கதிரை

கனடாவுல இருந்து தங்கச்சி போடுற போஸ்ட்காட்டுல ஒரு எழுத்து இருக்காது. முன்பக்கம் ஐஸ் ஹொக்கி ஆடுற மண்டபத்துப் படம். நடுவுல பனிக்கட்டித் தரை, சுத்தி ஹந்தானை மலையில தேயிலை நிரை ஏறுற மாதிரி கதிரைங்க. பின்பக்கம் ஒரு நம்பர் மட்டும், பதினாறாயிரம், பதினெட்டாயிரம்னு. அந்த மண்டபத்துல எத்தனை பேர் உக்காரலாம்ங்கிற கணக்கு அது. சுகமா இருக்கியான்னு ஒரு வார்த்தை கிடையாது. "தங்கச்சிக்கு விளையாட்டுன்னா உசிரு போல"ன்னு தபால்காரன் சிரிப்பான். அவனுக்கு என்ன தெரியும்?

அவ கனடா போறதுக்கு முன்ன, நான் கண்டியில ஒரு விளையாட்டு மண்டபத்துக்கு கேட்காரன். குத்துச்சண்டை, பெட்மிண்டன், எல்லாம் அங்கதான். கதிரை அறுநூறு. வாசல் பலகையில அந்த நம்பரை எழுதினதே நான்தான். என் இடது பையில ஆறு புளியங்கொட்டை கிடக்கும். உள்ள போற தலை நூறானா ஒரு கொட்டை வலது பைக்கு மாறும். ஆறாவதும் மாறினா மண்டபம் நிறைஞ்சுது, "புல்!"னு ஒரு சத்தம் போடுவேன், கேட் சாத்திரும். ஒரு தலை கூடினதில்ல, குறைஞ்சதில்ல. அதுல எனக்கு அப்படி ஒரு திமிரு.

எண்பத்து மூணு ஜூலை. கொழும்பு எரியுதுன்னு பஸ்ல வந்தவங்க காலையில சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல டவுன்ல நம்ம தமிழ் ஆளுங்க கடைப் பக்கம் புகை ஏறிச்சு. மஹய்யாவயில எங்க அக்கம்பக்கத்து சனமெல்லாம் மூட்டையோட மண்டபத்துக்கு ஓடி வருது. பொலிஸ்தான் திறந்து விடச் சொன்னது. தங்கச்சியும் அவ புருசனும் குண்டசாலையில ஒரு ரூம்ல இருந்தாங்க. ரூமுக்குக் கீழ, மச்சான் வேலை செஞ்ச தையல் கடைக்குப் போன் போட்டேன். நல்ல வேளை, அவளே எடுத்தா.

"மச்சானைக் கூட்டிக்கிட்டு உடனே வா. மூணாவது வரிசையில ரெண்டு கதிரையில என் துண்டைப் போட்டு வச்சிருக்கேன். கேட்ல நான்தான் நிக்கிறேன், பயப்படாத."

"வந்துர்றோம்ணே."

பலகைக் கணக்குக்கு மேல ஒருத்தரையும் விடாதன்னு பொலிஸ் சார்ஜன்ட் எனக்கு உத்தரவு போட்டுட்டான். நான் எண்ண ஆரம்பிச்சேன். ஒருத்தி பாதி வெந்த சோத்துப் பானையோட வந்தா. ஒருத்தர் செருப்பில்லாம, கையில சுவர் மணிக்கூட்டோட வந்தார். என் கை பாட்டுக்கு கொட்டையை மாத்துது. நாலு, அஞ்சு.

துண்டு போட்ட ரெண்டு கதிரையைக் கழிக்கணும்ல? ஐநூத்தித் தொண்ணூத்தெட்டுல நிறுத்தணும்ல? பாழாப்போன பழக்கம்! ஆறாவது கொட்டை மாறுச்சு, வாய் தானா "புல்!"னு கத்திருச்சு. சார்ஜன்ட் கேட்டைப் பூட்டி சாவியை எடுத்துக்கிட்டான்.

கொஞ்ச நேரத்துல வெளியில இருந்து "அண்ணே"ன்னு குரல். அவங்கதான், ரெண்டு பேரும். அவ சேலையெல்லாம் சேறு. சார்ஜன்ட் காலைப் புடிச்சேன். "நீதானே புல்லுன்ன"ன்னான். உள்ள ஓடிப் பார்த்தா, என் துண்டு மேல ஒரு கிழவரும் கிழவியும் உக்காந்திருக்காங்க. எந்திரிங்கன்னு எப்படிச் சொல்றது? திரும்பி வந்தேன். கீழ ரோட்டுல கூச்சல் கேட்டுச்சு. கேட்ல யாரும் இல்ல.

ரோட்டு வளைவுல கூட்டம் மச்சானைப் புடிச்சிருச்சு. தங்கச்சியை ஒரு சிங்கள அம்மா தன் சமையல் குசினிக்குள்ள இழுத்து ஒளிச்சு வச்சிருந்தாங்க. நாலாம் நாள் அவ தனியா வந்தா. அதுக்குள்ள நாங்க கதிரையெல்லாம் முற்றத்துல தூக்கிப் போட்டுட்டு, சனத்தைத் தரையில படுக்க வச்சிருந்தோம். வந்தவங்களையெல்லாம் விட்டாங்க. அவ மண்டபத்தைச் சுத்திப் பார்த்தா.

"இப்ப எத்தனை பேருண்ணே?"

"எண்ணூத்திச் சொச்சம்"னேன். கேட்டதும் கணக்குச் சொல்ற சனியன் நான்.

அந்தக் கேள்விதான் அவ என்கிட்ட பேசின கடைசிப் பேச்சு. இந்தியாவுக்குப் போனா, அங்கேருந்து கனடா. அங்க காட்ல இருக்கிற மாதிரி ஒரு மண்டபத்துல கதிரை துடைக்கிறாளாம், யாரோ சொன்னாங்க. வடக்குல சண்டை நடக்குற இத்தனை வருஷமும் காட் வந்துக்கிட்டே இருக்கு. நம்பர் பெருசாகிக்கிட்டே போகும். நான் ஒண்ணுக்கும் பதில் போடல.

போன மாசம் செக்பொயின்ட்ல ஒரு ஆமிக்காரன் என் பையில இருந்த காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது என்ன நம்பர்?"

"கதிரைக் கணக்கு."

நம்பல. சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிக்க வச்சான். எனக்குக் கோபமே வரல. கேட்டுக்கு வெளிய நிக்கிறதுன்னா என்னன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

மறுநாள் தபால் கந்தோர்ல தலதா மாளிகைப் படம் போட்ட காட் ஒண்ணு வாங்கினேன். மன்னிச்சுக்கன்னு எழுத எனக்கு ஏது முகம்? பின்பக்கம், எங்க மண்டபத்துல அன்னைக்கு எத்தனை பேருக்கு இடம் இருந்துச்சுன்னு மட்டும் எழுதிப் போட்டேன்.

அறுநூத்தி ரெண்டு.